ஸ்டீயரிங் ஆட்டம்: டை ராடா, புஷ்ஷா, ரேக்கா?

நிறைய ஓடிய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீயரிங் லூஸாக இருக்கிறது என்றதுமே பலரும் கை காட்டுவது, ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்ட அமைப்பான ரேக்கைத்தான். இருப்பதிலேயே செலவு கூடிய வேலையும் அதுதான். லூஸ் என்பதில் இரண்டு வகை இருப்பதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். ஸ்டீயரிங்கை அசைத்தும் சக்கரம் அசையாமல் நடுவில் சும்மா ஆடுவது ஒரு வகை. இது ஜாயிண்ட், ரேக் பக்கத்துக் கோளாறு. நாம் நேராகப் பிடித்திருந்தும் வண்டி தன் போக்கில் அலைவதும், பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் சாய்வதும் இன்னொரு வகை. இதற்குப் பெரும்பாலும் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்), டயர், அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு)தான் காரணம்.

சோதிக்கப் பலர் செய்வது, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவது. பக்கவாட்டில் இரு கையாலும் பிடித்து ஆட்டினால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டும் (உருண்டை மூட்டு) பேரிங்கும் தெரியும். பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டும்போது ஆட்டம் காணாமல் போனால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் என் ஓட்டு வேறொரு முறைக்கு. நான்கு சக்கரமும் ராம்ப்பில் ஊன்றியிருக்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக அசைக்க வேண்டும். இன்னொருவர் கீழிருந்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். வண்டியின் எடை டயரில் இருப்பதால், தூக்கிய வண்டியில் ஒளிந்துகொள்ளும் 'டக்' சத்தம் இதில் விரலுக்கே தெரிந்துவிடும். டை ராடு ரேக்கோடு சேரும் உள் ஜாயிண்டான ரேக் எண்டை அதன் ரப்பர் உறைக்கு மேலாகவே அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். ஸ்டீயரிங் ராடில் மேல் பாதி திரும்பிய பிறகே கீழ்ப் பாதி திரும்புகிறது என்றால், இடையில் உள்ள கிராஸ் ஜாயிண்டோ ரப்பர் கப்ளிங்கோ போய்விட்டது. இதைப் பார்க்காமலே ரேக்கை மாற்றிவிடுகிறவர்கள் உண்டு.

டை ராடு எண்டும் ரேக் எண்டும்தான் இந்தப் பட்டியலில் லாபமான வேலை. ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே தூரம் ஓடியதுதான். நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பழையதை எத்தனை சுற்றில் கழற்றினோமோ அத்தனை சுற்றில் புதியதை மாட்டினாலும், அது அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப்போக மட்டுமே போதும். சக்கரங்களின் முன்பக்கம் எவ்வளவு உள்ளோ வெளியோ திரும்பியிருக்கிறது என்ற டோ அளவை எப்படியும் வைத்தாக வேண்டும்.

உண்மையான சண்டை ரேக்கில்தான்: அட்ஜஸ்ட் செய்வதா, மாற்றுவதா? ரேக்கின் பின்னால் ஒரு ஸ்க்ரூ, அதற்குள் ஸ்பிரிங், அது பல்சட்டத்தை, ஸ்டீயரிங் ராடின் முனையில் உள்ள பல்சக்கரமான பினியனோடு அழுத்தி வைத்திருக்கும். ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கினால் ஆட்டம் குறையும், செலவும் கிடையாது. கவர்ச்சி அங்கேதான், வில்லங்கமும் அங்கேதான். கார் ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால் பல் அதிகம் தேய்வது நடுப்பகுதியில். ஓரத்துப் பற்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடுவுக்குச் சரியாக முறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது இறுகிக்கொள்ளும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. வேகமாக ஓட்டும் காரில் நடுவில் ஆட்டம் இருப்பதைவிட இது ஆபத்து. ஆகவே தொட்டுப் பார்க்கலாம், மிகச் சிறிய திருப்பல் மட்டும். இறுக்கம் தெரிந்தால் உடனே பழைய நிலைக்கு.

மாற்றுவதென்றால், சீல் மட்டும் மாற்றிய 'ரீகண்டிஷன்' ரேக் எண்ணெய்க் கசிவை நிறுத்தும், தேய்ந்த பல்லை வளர்க்காது. பல்சட்டமும் மாற்றப்பட்டதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். குறைவாக ஓடிய வண்டியின் ஒரிஜினல் ரேக் கிடைத்தால் நான் அதையே எடுப்பேன்.

எல்லா வண்டியிலும் ரேக் இருக்கும் என்றும் இல்லை. பிஎம்டபிள்யூ இ39 வரிசையில் 6 சிலிண்டர் மாடல்களுக்கு ரேக். வி8 போட்ட 540i, எம்5 இரண்டுக்கும் ரேக்குக்குப் பதில் ஸ்டீயரிங் பாக்ஸ் என்ற கியர் பெட்டி. அதில் நடு இணைப்புச் சட்டமும், அதன் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்மும் கூடுதலாகத் தேயும். பாக்ஸின் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் அவற்றைப் பாருங்கள்.

புஷ்ஷுக்கு ரப்பரா, ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேனா (சுருக்கமாக பாலி)? ரேக்கைப் பிடித்திருக்கும் புஷ்ஷில் பாலி நன்றாகவே வேலை செய்யும்; ரேக் நகராது, பதில் உடனே கிடைக்கும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மில் நிலைமை வேறு. பல திசையில் முறுக வேண்டிய இடத்தில் சாதாரண பாலி புஷ் இறுகிக்கொள்ளும், சாலையின் அதிர்வும் உள்ளே வரும். தினமும் ஓட்டும் வண்டிக்குப் புதிய ஒரிஜினல் ரப்பரே போதும். டிராக்குக்கே போகிறவர்கள் பாலியைத் தாண்டி உலோகப் பால் ஜாயிண்ட் வகைக்குப் போய்விடலாம். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

ரேக்கைக் கழற்றும் நாளில் ஸ்டீயரிங் வீலை நேராக வைத்துப் பூட்டிவிடுங்கள். அது தன்னிச்சையாகச் சுற்றினால் ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் பட்டை அறுந்துவிடும்.