ரப்பர் பால் தலையணை: விடியற்காலையில்தான் தரம் தெரியும்

சுங்கை சிப்புட் மரச்சாமான் கடைகளில் இலவம் பஞ்சுத் தலையணையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ரப்பர் பால் தலையணை முன்வரிசைக்கு வந்துவிட்டது. நல்லதாக வேண்டுமென்றால் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும். தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் இரண்டு நிமிடம் தலைசாய்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. உடம்பைச் செப்பனிடும் ஆழ்ந்த உறக்கம் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். அப்போது மோசமான தலையணைகூட ஆளை எழுப்பாது. விடியல் நெருங்க நெருங்கக் கனவு உறக்கம் நீளும். அந்த நேரத்தில் கண்ணையும் மூச்சுக்கான உதரவிதானத்தையும் விட்டால் மற்ற தசைகள் ஏறக்குறைய முழுக்கத் தளர்ந்துவிடும், கழுத்துக்குத் தலையணைதான் கதி. வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் வேலையும் அப்போது வெகுவாகக் குறைகிறது. மின்விசிறி மட்டுமே ஓடும் வீட்டில் மூன்று மணிக்கு மேல் புரண்டு புரண்டு படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலவம் பஞ்சு நாளாக நாளாகக் கட்டிதட்டி நடுவில் பள்ளம் விழும். அழுத்தினால் மெல்ல எழும்பும் மெமரி ஃபோம் கழுத்தைத் தாங்கும், ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பால் தலையணையில் உள்ள துளைகள் அச்சின் ஊசிகளால் விழுபவை. பாலை வேகவைக்கும்போது சூடு சீராக உள்ளே போக வைத்த ஏற்பாடு அது. நமக்குக் காற்றோட்டமாகவும் ஆகிறது. 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கும் கோலகங்சார் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பொருளைச் சோதித்து வாங்க நம்மாள்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

உறையின் ஜிப்பைத் திறந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். சட்டென எழும்ப வேண்டும். மெல்ல எழும்பினால் அது வேறு ஃபோம். மல்லாந்து படுப்பவருக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு 10 முதல் 12. மேடுபள்ளமாக வரும் 'மசாஜ்' வகை தேவையே இல்லை. லேபிளில் நூற்றுக்கு நூறு இயற்கை என்று போட்டிருந்தாலும் கந்தகம் முதலியவை சேராமல் பால் இறுகாது. செயற்கை ரப்பர் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். வாடை சில நாள் காற்றாட வைத்தால் போய்விடும்.

வெயில்தான் இதற்கு எமன். கடைவாசல் நடைபாதையான ஐந்தடியில் வெயில் படக் கிடந்ததை வாங்காதீர்கள், ஓரம் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரும். இயந்திரத்தில் துவைக்கக் கூடாது. உறையை மட்டும் துவைத்து, தலையணையை நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தலையணையும் கூடாது.

நாலரைக்கு எழுந்து தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுகிறவர் பதினொன்றுக்குப் படுத்தால் இழப்பது பெரும்பாலும் கனவு உறக்கத்தைத்தான். நூறு வெள்ளி கொடுத்தாலும் அது திரும்பாது, ஒன்பதுக்கே படுக்க வேண்டும். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் கடைக்குப் போகுமுன் கிளினிக்குக்குப் போங்கள். பிளாஸ்டிக்கைக் கிழித்த பிறகு திருப்பி வாங்குவார்களா என்பதையும் காசு கொடுக்குமுன்பே கேட்டுவிடுங்கள்.