ஈ.ஜி.ஆர். வால்வு: அடைத்துவிடுவதா, கழுவி மாட்டுவதா?

டீசல் காரில் புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திணறும்போது, தகடு வைத்து அடைத்துவிடும் யோசனை பலருக்கும் வருகிறது. வேலை எளிது, எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் கரி படிவதும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் புகையின் ஒரு பகுதியைச் சிலிண்டருக்குள் திருப்பி அனுப்பி எரிப்பின் வெப்பத்தைத் தணிக்கும் அந்த வழி அடைபட்டால் காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ பிழையைக் கண்டறிந்து இழுவையைக் குறைக்கக்கூடும். பல நாடுகளில் அது சட்டவிரோதமும் ஆகும்.

கழுவுவதற்குப் பொறுமை வேண்டும்: எஞ்சின் ஆறியபின் வால்வைக் கழற்றி, மின்பகுதி நனையாமல் கார்பன் கிளீனர் தெளித்து, தார்போல் ஒட்டிய கரியை நைலான் பிரஷால் தேய்த்தெடுத்து, புதிய கேஸ்கெட்டோடு பொருத்த வேண்டும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் கரி மீண்டும் படியும் என்றாலும், சாலையோரம் நடப்பவர் சுவாசிக்கும் காற்றை எண்ணி நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.