குரங்கு காட்டிக்கொடுத்த கொந்தராத்து

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்து இலங்கை முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் அன்று ஜெனரேட்டரும் சேர்ந்து காலை வாரியது. ஸ்டார்ட் ஆனது, ஒரு நிமிடம் உறுமியது, லிப்டும் தண்ணீர் மோட்டரும் இழுக்கத் தொடங்கியதும் படுத்துவிட்டது. ஆறாம் மாடி அன்ரி மரக்கறிப் பையோடு மூன்றாம் மாடிப் படியில் குந்தியிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த வருடம் முகாமைத்துவக் குழுச் செயலாளர் நான்தான்.

லொக் புத்தகத்தைப் புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் "ஓகே", கீழே கையெழுத்து. பராமரிப்புக் கம்பனிக்காரர் லோட் (லிப்ட், மோட்டர் போன்றவற்றின் மின்சுமை) ஏற்றாமல் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டுப் போயிருக்கிறார்கள். டீசல் எஞ்சினை எப்போதும் இப்படி வெறுமனே ஓட்டினால் எரியாத எண்ணெய் சைலன்சர் பக்கம் கருப்பாகப் படியும், அதுவும் இருந்தது.

கம்பனியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் பாதிப் பிழை எங்களுடையது. பழைய ஒப்பந்தத்தில் வருகைக்கு ஒரு கட்டணம், பழுதுக்குத் தனி பில், பாகங்களுக்கு இன்னொரு பில். அதாவது மெஷின் கெட்டால்தான் அவர்களுக்கு வருமானம் என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மூன்று கொட்டேஷன் எடுத்து ஆகக் குறைந்ததைப் பிடித்தோம் என்ற பெருமை வேறு.

சரி, ஆளை மாற்றாமல் கொந்தராத்தை மாற்றினோம். மாதம் ஒரே தொகை, பில்டர், பெல்ட், பற்றறி எல்லாம் அதற்குள். கூப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் வராவிட்டால் அந்த மாதக் காசில் வெட்டு. மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை இறக்கி, கட்டடத்தின் முழு லோடையும் ஏற்றிக் காட்ட வேண்டும். தொகை கூடியதுதான், கூட்டத்தில் நல்ல சண்டையும் நடந்தது.

கம்பனியிலிருந்து வருவது முந்தி வந்த அதே தம்பிதான். ஆனால் இப்போது பற்றறி முனையைக் கழற்றி, கடல் காற்றுக்குப் பூத்திருக்கும் பச்சைத் தூளில் சுடுதண்ணீர் ஊற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, கிரீஸ் பூசிவிட்டுத்தான் போகிறார். முன்பு ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "முந்தி இதைச் செய்தால் புதுப் பற்றறி விற்கேலாதே அண்ணை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் உண்மை.

இப்போதைக்குக் கம்பனிக்கு நான் போடும் புள்ளி ஐந்துக்கு மூன்றரை. அரைப் புள்ளி வெட்டியது ரிப்போர்ட்டை எப்போதும் பிந்தி அனுப்புவதற்கு. மீதி ஒன்றும் எங்களுக்கான வெட்டு, தண்ணீர் மோட்டரை வேறொரு கம்பனியிடம் கொடுத்து வைத்திருக்கிறோமே, அதற்கு. போன மாதம் டெஸ்டில் மோட்டர் ட்ரிப் ஆனது. ஜெனரேட்டர் தம்பி மோட்டர் பிழை என்கிறார், மோட்டர்காரர் ஜெனரேட்டரில் வோல்டேஜ் பிழை என்கிறார், இரண்டு பேரும் பெனல் முன்னால் நின்று என்னைப் பார்க்கிறார்கள்.