காமன் ஆப்பின் பத்துப் பெட்டிகள்: மிருதங்கத்தை ஒளிக்க வேணுமா?

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளியும் மாவட்டமும் போதும். கரப்பந்தாட்டக் கிண்ணத்தை அங்கே பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கிளிநொச்சிப் பிள்ளை அதனால்தான் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம்) படிவத்தில், பாடத்துக்கு வெளியே செய்ததைக் கேட்கும் செயற்பாட்டுப் பகுதியில் திணறுகிறது. கணக்குத் திறக்கக் காசு கட்டத் தேவையில்லை. கட்டணம் வாங்கும் கல்லூரிகள் தனித்தனியே வாங்கும், பல இடங்களில் விலக்கும் கேட்கலாம்.

மொத்தம் 10 செயற்பாடுகள். பதவிக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு இடைவெளி சேர்த்து 150. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், வருடத்துக்கு எத்தனை கிழமை என்றும் கேட்கும். பிழை விடுவது இங்கேதான். காலபோக (மாரிகாலப் பயிர்) வயல் வேலைக்கு 52 கிழமை என்று போட்டால் வாசிப்பவர் நம்பமாட்டார். விதைப்பையும் அறுவடையையும் எண்ணிப் போடுங்கள்.

இனி ஒளிக்கிற கதை. ஆசியப் பிள்ளை என்றால் வயலின், பியானோ, சதுரங்கம், கணித ஒலிம்பியாட், வாய் திறக்காத சுபாவம் என்று அமெரிக்காவில் ஒரு அச்சு, அதாவது முன்கூட்டியே வார்த்த எண்ணம், இருக்கிறது. ஹார்வர்ட்டுக்கு எதிராக 2014இல் போடப்பட்ட வழக்கில், அனுமதி அலுவலர்கள் ஆசிய அமெரிக்கர்களுக்குக் கொடுத்த 'ஆளுமைப் புள்ளி' சராசரியில் குறைவு என்பது வெளியே வந்தது. 2023 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான அனுமதியைத் தடுத்தது. தன் வாழ்க்கையில் இனம் என்ன செய்தது என்று கட்டுரையில் எழுத இடம் விட்டது. ஆளுமைப் புள்ளி குறையும் என்ற பயத்தில் அங்குள்ள ஆலோசகர்கள் சிலர் 'ஆசியத்தன்மையைக் குறை' என்று சொல்வதுண்டு. அதை அப்படியே வன்னிக்கு இறக்குமதி செய்வது வீண். இங்கிருந்து விண்ணப்பிப்பவர் வெளிநாட்டு மாணவர். அமெரிக்கக் கல்லூரிப் புள்ளிவிவரத்தில் அவர் ஆசியர் கணக்கிலேயே வருவதில்லை. ஆனால் வாசிக்கிற கண் அதே கண்தான், அதையும் மறுக்க முடியாது.

ஆகவே மிருதங்கத்தை எடுத்தெறிய வேண்டாம், வெறுமனே 'மிருதங்கம், ஏழு வருடம்' என்றும் விடவேண்டாம். வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் பரீட்சையின் தரம் என்ன என்று அமெரிக்க வாசகருக்குத் தெரியாது. விருதுப் பகுதியில் (5 இடம், ஒவ்வொன்றும் 100 எழுத்து) எத்தனையாவது தரம், செய்முறையா எழுத்துத் தேர்வா என்று சொல்லுங்கள். விவரத்தில் கோயில் திருவிழாவில் யாருக்கு வாசித்தது, எத்தனை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று எழுதுங்கள். அச்சு உடைவது அந்த இடத்தில்தான்.

படிவத்தின் மிக நல்ல பகுதி 'குடும்பப் பொறுப்புகள்' என்ற வகை. நம் பிள்ளைகள் அதைத் தொடுவதேயில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் வயலுக்குத் தண்ணீர் திருப்புவது, முல்லைத்தீவில் கரைவலை இழுப்பது, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்வது எல்லாம் அதற்குள் வரும்; கூலி வாங்கினால் 'சம்பள வேலை' வகை. 'கல்லூரியிலும் தொடர்வீர்களா' என்ற கேள்விக்கு வயல் வேலையில் 'இல்லை' என்று குத்தினால் குறையொன்றுமில்லை.

குறை என்றால் இதுதான்: ஆண்டுகளை 9 முதல் 12 வரை குறிக்கச் சொல்கிறது. நம் உயர்தர வகுப்புகள் 12, 13. நம் 13ஐ அவர்களின் 12ஆகக் கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள், மேலதிகத் தகவல் பகுதியில் ஒரு வரி விளக்குங்கள்.

படிவம் ஆகஸ்ட் 1இல் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள். உயர்தரப் பரீட்சையும் அந்த மாதத்தில் வந்தால் பட்டியலை ஆகஸ்டுக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.