ஜெர்சி வைக்க எந்தப் பை: பழைய வேட்டியா, குடைத் துணியா, கொசுவலையா?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வந்துகொண்டே இருக்கும். காலையில் கொடியில் போட்ட துணி சாயங்காலமும் ஈரமாகவே கிடக்கும். கபடிக்கும் கைப்பந்துக்கும் போகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் ஜெர்சியையும் சாக்ஸையும் எதில் போட்டு வைப்பது? பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்தால் மறுநாளே சிக்கு வாடை. காசு கொடுத்துப் பை வாங்கத் தேவையில்லை. பழைய வேட்டி, கம்பி ஒடிந்த குடை, கிழிந்த கொசுவலை, இவற்றில் ஒன்றாவது வீட்டில் இருக்கும்.

துவைத்து நன்றாகக் காய்ந்த உடுப்புக்கு வேட்டிப் பைதான் என் முதல் தேர்வு. பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால் ஜெர்சியில் லேசாக ஈரம் மிச்சமிருந்தாலும் பை இழுத்துக்கொள்ளும். ஆனால் வியர்வையோடு கழற்றியதை இதில் திணித்தால் பையே நனைந்து, சாரல் நாளில் காயாமல், கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

தைப்பதும் சுலபம். 38 செ.மீ. அகலம், 98 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டாக வெட்டி நடுவில் மடித்தால் அடியில் தையலே வேண்டாம். இரு பக்கமும் ஒன்றரை செ.மீ. விட்டு அடியுங்கள், மேலே 8 செ.மீ. தைக்காமல் விட வேண்டும். அந்தப் பிளவின் ஓரங்களை மடித்து அடித்துவிட்டு, வாய்ப் பக்கத்தை முதலில் 1, அப்புறம் 3 செ.மீ. மடித்துத் தைத்தால் நாடா போகும் வழி தயார். 35-க்கு 45 செ.மீ. பை கிடைக்கும். ஒரு செட் உடுப்புக்குத் தாராளம்.

குடைத் துணியின் வேலை வேறு. மைதானத்திலிருந்து வீடு வரும்வரை நனைந்த உடுப்பு பாட நோட்டை நனைக்காமல் காப்பது மட்டும்தான். தையல் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கசியும், பரவாயில்லை. வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், இரவு முழுக்க உள்ளே விடவே கூடாது. தைக்கும்போது துணி வழுக்கும். குண்டூசி குத்தினால் துளை அப்படியே நிற்கும் என்பதால் துணி கிளிப் போட்டுப் பிடியுங்கள். 11 நம்பர் ஊசி போதும். உள்பூச்சு பிசுபிசுத்து உரியும் பழைய குடை என்றால் விட்டுவிடுங்கள்.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது கொசுவலைப் பை. ஜெர்சியில் பெரும்பாலும் பாலியஸ்டர்தான்; உடம்பு எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டுதான் வாடை வருகிறது. அதற்குக் காற்று வேண்டும். வலைப் பையில் போட்டு ஆணியில் மாட்டினால் துவைக்கும்வரை காற்றாடக் கிடக்கும். ஜெர்சியை உள்வெளியாகத் திருப்பிப் பையோடு வாஷிங் மெஷினில் போட்டால் நம்பர் பிரிண்டும் சீக்கிரம் உரியாது. நைலான் வலை பிசிறாது, ஆனால் தையல் மெஷின் பல்லில் மாட்டும்; அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டு, தாளைக் கிழித்து எடுங்கள். ஓரத்துக்கு வேட்டிப் பட்டி கொடுத்தால்தான் தையல் நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கொசு மருந்து ஏற்றிய வலை என்றால் தொடவே வேண்டாம், உடம்பில் படுகிற துணி இது.

பழைய டி-ஷர்ட்டிலும் பை தைக்கலாம்தான், ஆனால் பாரம் ஏற ஏறத் தொங்கிப்போகும்.

ஒரே ஒரு பைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் முன்பக்கம் வலை, பின்பக்கம் வேட்டி வைத்துத் தையுங்கள். அப்போது அடியிலும் ஒரு தையல் வரும், அவ்வளவுதான்.

பை வாய்க்கு ஜிப் வைப்பதா, நாடா கோர்ப்பதா என்றால் தயங்காமல் நாடா. உலோக ஜிப் இந்த ஈரத்தில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும். வேட்டிக் கரையை 90 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டியாக வெட்டி, மடித்துத் தைத்து, ஊக்கில் மாட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக எதிரெதிரே கோர்த்து முடிச்சுப் போடுங்கள். ஜரிகைக் கரை வேண்டாம், கையை அறுக்கும்.