முன் சஸ்பென்ஷன் சாமான் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

₹9,460 போய்விட்டது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று இன்று காலை குறுஞ்செய்தி வந்திருக்கிறது. தீர்க்கப்பட்டதாம்! பணமும் வரவில்லை, மாற்றுச் சாமானும் வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். கார் உதிரிபாகம் மட்டும் விற்கும் ஒரு செயலி அது. பெயரைச் சொல்லவில்லை. வண்டி வேலையை வீட்டிலேயே பார்க்கிறவர்களுக்கு இதன் விளம்பரம்தான் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கிறது, புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் வண்டி 2013 ஸ்விஃப்ட், டீசல். அவிநாசி ரோட்டில் மேம்பாலம் கட்டி முடிக்கிற வரைக்கும் உப்பிலிபாளையத்துக்கும் கோல்டுவின்ஸுக்கும் நடுவில் தினமும் போய்வந்த வண்டி. முன்பக்கப் புஷ்ஷெல்லாம் (அதிர்வு வாங்கும் ரப்பர் உருளைகள்) எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் இடது பக்கம் டொக்கென்று ஒரு சத்தம். ஜாக்கி போட்டுத் தூக்கி, லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கை) நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) நடுவில் கடப்பாரை கொடுத்து நெம்பினேன். இரண்டையும் இணைக்கும் பால் ஜாயின்ட் ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. ஆர்மின் பின்பக்கப் புஷ் கிழிந்து தொங்கியது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மேலே ஸ்ட்ரட் மவுண்டிலும் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் பாகம்) ஸ்பிரிங் சிக்கிச் சிக்கித் திரும்பியது. ஆக, இரண்டு லோயர் ஆர்ம், இரண்டு ஸ்ட்ரட் மவுண்ட், இரண்டு லிங்க் ராட் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு) மாற்ற வேண்டும். இந்த வேலையெல்லாம் வருடக்கணக்காக நானே செய்வதுதான். ஸ்டாண்டு, டார்க் ரென்ச் (அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர்), ஸ்பிரிங் கம்ப்ரசர் எல்லாம் வீட்டில் இருக்கின்றன.

செயலியில் சாமான்களைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் விட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நல்ல தமிழ் பேசும் பையன். "ஸ்விஃப்ட் ஆர்ம் பார்த்துட்டு விட்டுட்டீங்களேண்ணா, ஏதாவது சந்தேகமா?" என்றான். வண்டிக்குச் சரியாகப் பொருந்துமா என்றுதான் யோசிக்கிறேன் என்றேன். "ஆர்.சி. புக்கை எடுங்கண்ணா, சேஸிஸ் நம்பரை மெதுவா சொல்லுங்க" என்றான். சொன்னேன். அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம். அப்புறம், "நல்லவேளை கேட்டீங்கண்ணா. உங்க கூடையில இருக்கறது பழைய மாடல் ஆர்ம். உங்க வண்டிக்கு வேற பார்ட் நம்பர். நான் மாத்திப் போட்டு லிங்க் அனுப்பறேன்" என்றான்.

நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். பக்கத்துக் கடையிலேயே பாதிப் பேர் "என்ன வண்டி, எந்த வருஷம்?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவன் சேஸிஸ் நம்பர் கேட்கிறான், தப்பான சாமானைத் தானே திருத்துகிறான் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? வீட்டில் நானேதான் மாட்டப் போகிறேன் என்றும் அவனிடம் தெளிவாகச் சொன்னேன். "தாராளமா மாட்டுங்கண்ணா, நம்ம கஸ்டமர் நிறையப் பேர் அப்படித்தான். ஃபிட் ஆகலைன்னா ஒரு கேள்வியும் கேக்காம திருப்பி எடுத்துக்குவோம்." எடை அதிகமான பார்சல் என்பதால் வீட்டில் வாங்கிக்கொண்டு காசு கொடுக்கும் வசதி கிடையாதாம், முன்பணம்தானாம். ₹9,460 கட்டினேன்.

பார்சல் சீக்கிரமே வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. வெளியே பளபளவென்று பெட்டி, பார்ட் நம்பர் ஸ்டிக்கர். ஆனால் எம்.ஆர்.பி. இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, மாதம் வருடம் எதுவுமே இல்லை. பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருள் என்றால் இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011 முதல் விதியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி இடது பக்க ஆர்மைக் கழற்றினேன். இந்த வண்டியில் பால் ஜாயின்ட்டின் தண்டு கீழிருந்து நக்கிளுக்குள் நுழையும். நக்கிளில் ஒரு பிளவு இருக்கும். குறுக்கே ஒரு போல்ட் போய், தண்டில் உள்ள காடியில் உட்கார்ந்து, அந்தப் பிளவை இறுக்கிப் பிடிக்கும். அந்த ஒரு போல்ட்டும் ஒரு தண்டும்தான் சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்து நிறுத்துவது. துருப்பிடித்த நக்கிளில் புதுத் தண்டு எப்போதுமே கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் நுழையும், ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும். இது உரலுக்குள் உலக்கை மாதிரி லொடக்கென்று போனது. போல்ட்டை முறுக்கினேன். பிளவின் இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிட்டன, தண்டு இன்னும் ஆடுகிறது. வெளியே எடுத்து வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனைப் பார்த்தால் பழைய தண்டைவிட முக்கால் மில்லிமீட்டர் குறைவு. பழைய தண்டோ தேய்ந்தது! இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு பைபாஸில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்டு கழன்றால் சக்கரம் மடங்கி ஃபெண்டருக்குள் போய்விடும். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஸ்ட்ரட் மவுண்ட்டும் அதே கதை. பேரிங்கைக் கையில் சுற்றினால் கரகரவென்று தடுக்கிறது. உள்ளே கிரீஸ் வைத்த அடையாளமே இல்லை. லிங்க் ராட் மட்டும் பரவாயில்லை ரகம்.

அன்று மாலையே படமும் வீடியோவும் எடுத்துத் திருப்பி அனுப்பக் கோரிக்கை போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம்: "பொருளில் பொருத்திய தடயம் உள்ளது." ஃபிட் ஆகவில்லை என்றால் எடுத்துக்கொள்வோம் என்பது வாக்குறுதி. மாட்டிப் பார்க்காமல் ஃபிட் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? மாட்டிப் பார்த்தால் அது பயன்படுத்திய பொருளாம். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவன் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தப் பையனுக்கே போன் செய்தேன். "நான் சேல்ஸ் மட்டும்தான் சார், ரிட்டர்ன் வேற டீம்." வேறு டீமுக்குப் போன் கிடையாது, சாட் மட்டும்தான். சாட்டில் இயந்திரம் பேசும். மனிதர் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒருவர் வந்து, "48 மணி நேரத்தில் மேலாளர் பேசுவார்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அடுத்து வருகிறவருக்கு மறுபடி ஆர்டர் நம்பர், மறுபடி படம், மறுபடி முழுக்கதை. கடைசியில் ஒருவர் புதிதாக ஒன்றைக் கேட்டார். அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் மாட்டியதற்கான ஜி.எஸ்.டி. பில் வேண்டுமாம். அது இருந்தால்தான் உத்தரவாதமாம். வீட்டுப் போர்ட்டிகோவில் மாட்டினால் பில் யார் கொடுப்பது, என் மனைவியா? "தாராளமா மாட்டுங்கண்ணா" என்று சொன்னது உங்கள் ஆள்தானே என்றேன். அழைப்புப் பதிவு எதுவும் இல்லை என்று பதில். பிறகு பெரிய மனது பண்ணி ₹500 கூப்பன் கொடுத்தார்கள், அடுத்த ஆர்டருக்கு. ₹9,460-க்கு ₹500. அதையும் அவர்களிடமே செலவழிக்க வேண்டும்!

மச்சான் வண்டியில் போய் ஊர்க் கடையில் இரண்டு ஆர்மும் மவுண்ட்டும் பில்லோடு வாங்கி வந்துதான் வேலையை முடித்தேன். கடைக்காரர் இவர்கள் அனுப்பிய ஆர்மைக் கையில் வாங்கினார், பால் ஜாயின்ட்டின் ரப்பரை விரலால் அமுக்கினார், "இதெல்லாம் எடைக்குப் போடற சாமானுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, செயலியின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு அந்த ஒரு வரிப் பதில்கூட இதுவரை வரவில்லை. அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான்.

வீட்டில் எப்படி மாட்டுவது என்று படிப்படியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் அது இன்று நடக்காது. அவசரத்துக்குச் சில விஷயம் மட்டும். பார்சல் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். மாட்டுவதற்கு முன்பே பழைய தண்டையும் புதியதையும் வெர்னியரில் அளந்துவிடுங்கள், அதுவரை புதியதில் போல்ட்டே படக்கூடாது, கீறல் விழுந்தால் தொலைந்தீர்கள். போனில் கொடுக்கும் வாக்குறுதியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் பணம் கட்டாதீர்கள். ஸ்பிரிங்கை கம்ப்ரசரில் அமுக்காமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டில் கை வைக்காதீர்கள். ஆர்ம் புஷ் போல்ட்டை, வண்டி எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப் புஷ்ஷும் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முடித்ததும் வீல் அலைன்மென்ட்.

₹9,460 திரும்ப வந்தால் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி "பொருத்திய தடயம்" என்று பதில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் ஆர்டர் விவரத்தை எடுத்து வையுங்கள், சேர்ந்தே ஆணையத்துக்குப் போகலாம்.