நெல் கொள்முதல் வீடியோவில் முகத்தை மறைக்க எது தோது?

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஒரே காட்சிதான். கொள்முதல் நிலைய வாசலில் நனைந்த நெல், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதாகத் திருப்பப்பட்ட விவசாயி. இவை வெளியே வரத்தான் வேண்டும். ஆனால் பேசுகிறவர் நாளைக்கும் அங்கேதான் நெல் போடணும். கையில் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாஸ்புக் வேறு.

வாட்ஸ்அப்பிலேயே முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவதை விட்டுவிடுங்கள். ஒட்டிய இடத்திலேயே அது நிற்கும். ஆள் நகர்ந்தால் முகம் வெளியே வந்துவிடும்.

போனில் என்றால் கைன்மாஸ்டர் என்ற வீடியோ எடிட்டிங் செயலி. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கலைத்துக் காட்டும் மொசைக் லேயரை முகத்தின் மேல் வைத்து, கீஃப்ரேம் (எந்த நொடியில் அது எங்கே இருக்கணும் என்ற குறி) போட்டு நகர்த்தலாம். எல்லாம் கைவேலை. மூட்டையிலிருந்து ஒரு கை நெல்லை அள்ள அவர் குனியும்போது முகம் சட்டென்று மொசைக்குக்குக் கீழே இறங்கி வெளியே தெரிந்துவிடும். அங்கே மட்டும் கீஃப்ரேமை நெருக்கிப் போடணும். அரை நிமிட வீடியோவுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கூட்டம் தெரிகிற நீள வீடியோ என்றால் யூடியூப் ஸ்டூடியோ. கம்ப்யூட்டரில் 'பிரைவேட்' ஆக ஏற்றி, எடிட்டரில் பிளர் (மங்கலாக்குதல்) கொடுத்தால் முகங்களை அதுவே தேடி எடுத்துக் காட்டும். வேண்டியதை டிக் செய்தால் போதும். பக்கவாட்டு முகமும் தலைத்துண்டு மறைத்த முகமும் தப்பிவிடலாம், முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகே பப்ளிக் ஆக்குங்கள். மறைக்காத வீடியோ முதலில் கூகுள் சர்வருக்குப் போகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

டாவின்சி ரிசால்வ் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் டிராக்கர் முகத்தைப் பின்தொடரும், வீடியோவும் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. வலுவான கம்ப்யூட்டர் இருந்தால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

எந்தச் செயலியானாலும் எண்களுக்கு மட்டும் மொசைக் வேண்டாம். ஓர் இடத்தில் வரக்கூடியது 0 முதல் 9 வரைதான். ஒவ்வொன்றையும் அதேபோல் மொசைக் ஆக்கி ஒப்பிட்டால் ஆதாரின் 12 இலக்கத்தையும் ஊகிக்க வழி உண்டு. வீடியோவில் ஒரே எண் பல ஃபிரேமில் வருவதால் இன்னும் சுலபம். ஆதார், கணக்கு எண், வண்டி நம்பர் மூன்றுக்கும் கெட்டியான கறுப்புக் கட்டம்தான்.

முகத்தை மூடியும் குரலை விட்டால் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆடியோவை எடுத்துவிட்டு, அவர் சொன்னதை எழுத்தில் ஓடவிடுங்கள்.